இருவராகச் சேர்ந்து உயிரியல் நடத்திய ஒரு பருவம்

அமெரிக்காவில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு ஒரு பேராசிரியரின் லேபில் ஆய்வாளராக, இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எனக்கு எழுதும் மின்னஞ்சல்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான். "அக்கா, பேப்பர் இருக்கு. லேப்ல வேலையும் நல்லாப் போகுது. ஆனா டீச்சிங் வேலைக்குப் போட்டா யாரும் கூப்பிடவே மாட்டேங்கிறாங்க. வகுப்பு எடுத்த அனுபவத்துக்கு நான் எங்கே போவேன்?"

நியாயமான கேள்வி. இளங்கலைப் படிப்பையே முதன்மையாக நடத்தும் கல்லூரிகளின் வேலை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலைக்கு மேற்பட்ட கற்பித்தல் அனுபவம் இருந்தால் நல்லது என்று எங்காவது ஒரு வரி இருக்கும். பிஎச்.டி. காலத்தில் ஆய்வகப் பயிற்சி வகுப்புகளைப் பார்த்துக்கொண்டது அந்த வரிக்குள் வராது. போஸ்ட்டாக் காலத்திலோ காலையிலிருந்து இரவு வரை லேப். பாடம் நடத்தாதவருக்குப் பாடம் கிடைக்காது, பாடம் கிடைக்காமல் பாடம் நடத்தவும் முடியாது. இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நல்ல ஆசிரியர்களாக வந்திருக்க வேண்டிய பலர் வேறு வேலைக்குப் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

அவர்களுக்கு நான் எழுதும் பதில் இதுதான்: அனுபவமுள்ள ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஒரு இளங்கலைப் பாடத்தை நடத்துங்கள். ஆனால் முழுப் பாடத்தையும் நடத்துங்கள். முதல் நாளுக்கு முன்பிருந்து கடைசி மதிப்பெண் ஏறும்வரை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேராசிரியர் மாநாட்டுக்குப் போகும் வாரத்தில் அவருக்குப் பதிலாக இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு, அதைத் தன்விவரத்தில் 'கோ-டீச்சிங்' என்று போட்டுக்கொள்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. "சார் இன்னைக்கு வரல, நீ போய் கிளாஸ எடுத்துடும்மா" என்று எத்தனை முறை போயிருப்போம்! சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், விட்ட இடத்திலிருந்து நடத்திவிட்டு வருவோம். நாம் நடத்தியது நன்றாக இருந்ததா, யாருக்காவது புரிந்ததா என்று யாரும் பார்த்ததில்லை, சொன்னதுமில்லை. பேசிப் பழகும் துணிச்சல் வரும், அவ்வளவுதான். எதை நடத்துவது, எதை விடுவது, தேர்வில் எதைக் கேட்பது, பாதி சரியான விடைக்கு எத்தனை மதிப்பெண் என்ற முடிவுகள் எல்லாம் வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் வேலையின் பெரும்பகுதி அந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

சரி, வாய்ப்பு எங்கே கிடைக்கும்? அமெரிக்காவில் இதற்கென்றே ஏற்பட்ட திட்டங்களில் பெரிதாகப் பேசப்பட்டது இராக்டா. தேசிய சுகாதார நிறுவனங்களின் பொது மருத்துவ அறிவியல் பிரிவு பணம் கொடுத்து, பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களையும் சிறுபான்மை மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்லூரிகளையும் இணைத்த திட்டம் அது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டே மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகளில் பாடம் நடத்திய போஸ்ட்டாக்குகள் அந்த வழியில் வந்தவர்கள். ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்த நமக்கு அந்தக் கதவு திறந்ததில்லை. அதே சமயம், ஜே-1 ஆய்வாளர் வகுப்பு எடுக்கவே கூடாது என்று பரவலாக நம்பப்படுவதும் தவறு. விசாவுக்குப் பொறுப்பான நிறுவனம் தடுக்காதவரை ஆய்வாளர் கற்பிக்கலாம் என்றே விதி சொல்கிறது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

இன்னொரு தடை பி.ஐ., அதாவது நம் லேபை நடத்தும் பேராசிரியர். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நம் சம்பளம் அவருடைய ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது, அந்த நேரத்தை வகுப்பறைக்குக் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வருமோ என்று அவருக்குப் பயம் இருக்கும். போஸ்ட்டாக் என்பவர் ஊழியர் மட்டுமல்ல, பயிற்சி பெறுபவரும்கூட என்று அமெரிக்க மத்திய அரசின் நிதி விதிகளுக்கான விளக்கம் 2014இலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லிப் பேசலாம். நான் பேசினேன். என் பி.ஐ. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: அந்தப் பருவத்தில் புதிய சோதனை எதையும் தொடங்கக் கூடாது, கையில் இருக்கும் கட்டுரையை எழுதி முடிக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான். எழுத்து வேலையை வகுப்புகளுக்கு நடுவில் செருகிக்கொள்ள முடியும். பாக்டீரியா வளர்ப்பு நம் கால அட்டவணைக்குக் காத்திருக்காது.

நான் சேர்ந்து நடத்தியது முதலாண்டு உயிரியல். இருநூறு பேருக்கு மேல் உட்காரும் படிக்கட்டு அரங்கம். என்னோடு நடத்தியவர் சூழலியல் பேராசிரியர், பல ஆண்டுகளாக அந்தப் பாடத்தை எடுத்து வருபவர். நான் நுண்ணுயிரியில் நோய்க்கொல்லி எதிர்ப்பு பற்றி வேலை செய்பவள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். எனக்கு வாயில் 'மேடம்'தான் வந்தது. பழக்கம் மாறச் சில வாரங்கள் ஆயின. அவருக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. பாடத்திட்டத் தாளில் இரண்டு பெயரையும் ஒரே வரியில், ஒரே எழுத்தளவில் போட்டார். ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் உதவியாளர் என்று மாணவர்கள் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அதை மாற்ற முடியாது என்பது அவர் அனுபவம்.

வகுப்பு தொடங்கும் முன்பே, கோடையில், உட்கார்ந்து திட்டமிட்ட நாட்கள்தான் என்னை அதிகம் மாற்றின என்று இப்போது தோன்றுகிறது. பாடநூல் ஆயிரம் பக்கத்துக்கு மேல். முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்து முடிந்தவரை போவது என்பதுதான் எனக்குத் தெரிந்த முறை. நானும் அப்படித்தான் படித்தேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "டிசம்பரில் இந்தப் பிள்ளைகள் என்ன செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்?" என்று கேட்டார். அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2011இல் வெளியிட்ட விஷன் அண்ட் சேஞ்ச் அறிக்கை மேசையில் இருந்தது. பரிணாமம், அமைப்பும் செயலும், தகவலின் ஓட்டம், ஆற்றலும் பொருளும் மாறும் வழிகள், அமைப்புகளாக உயிர்களைப் பார்த்தல் என்று இளங்கலை உயிரியலுக்கு ஐந்து அடிப்படைக் கருத்துகளை அது முன்வைக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் இந்த ஐந்தில் எதற்கு வேலை செய்கிறது என்று கேட்டுக்கேட்டுப் பட்டியலை வெட்டினோம். ஒளிச்சேர்க்கையில் கரி சர்க்கரையாக மாறும் கால்வின் சுழற்சியின் ஒவ்வொரு நொதியின் பெயரும் போயிற்று. நான் அதற்காகச் சண்டை போட்டேன். பெயர்கள் வேண்டுமானால் புத்தகத்தில் இருக்கின்றன, கரியணு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிடக் கூடாது என்று அவர் சொன்னார். அந்த வாதத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று வகுப்பில் தெரிந்துகொண்டேன்.

ஒரு எளிய கேள்வி. சின்ன விதை பெரிய மரமாகிறது. அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது? மண், நீர், காற்று, சூரிய ஒளி என்று நான்கு விடைகள் திரையில் இருந்தன. மாணவர்கள் கிளிக்கர் என்ற கைக்கருவியில் வாக்களித்தார்கள். அவர் முன்னால் நின்றார். நான் நடு வரிசைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மண்ணுக்கும் நீருக்கும் வாக்குகள் குவிந்தன. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த பிள்ளைகள் இவர்கள். சமன்பாடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கமாக மனதில் கிடக்கிறது. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்றார் அவர். அரங்கம் முழுக்கச் சத்தம்.

அங்கேதான் பின்னால் உட்கார்ந்திருப்பதன் பலன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் தன் தோழியிடம் கேட்டாள்: "காற்றிலிருந்து வந்தது என்றால் அப்புறம் எதற்குத் தோட்டத்தில் உரம் போடுகிறோம்?" அருமையான கேள்வி. முன்னால் நிற்பவர் காதில் அது ஒருபோதும் விழாது. இருநூறு பேர் நடுவில் கையைத் தூக்கிக் கேட்கும் துணிச்சலும் அவளுக்கு இல்லை. நான் எழுந்துபோய் மெல்லச் சொன்னேன், பேராசிரியர் அதை எல்லோருக்குமான கேள்வியாக்கினார். மரத்தின் உலர்ந்த எடையில், காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்த கரியும் ஆக்சிஜனும் தலா 45 சதவீதம் அளவுக்கு இருக்கின்றன, ஹைட்ரஜன் 6 சதவீதம் போல. உரத்திலிருந்து வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் மிச்சமிருக்கும் சின்னப் பங்குக்குள் அடக்கம். அளவில் குறைவு, ஆனால் அது இல்லாமல் புரதமும் இல்லை, டிஎன்ஏவும் இல்லை. பிறகு பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்டின் சோதனையைச் சொன்னார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி, ஐந்து ஆண்டு கழித்து எடை போட்டால் மரம் 169 பவுண்டு. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். எடை மண்ணிலிருந்து வரவில்லை என்பதை வான் ஹெல்மான்ட் கண்டுகொண்டார், எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு செய்தார். 1648இல் அச்சான அந்த முடிவில்தான் நம் வகுப்பில் பலரும் நின்றிருந்தார்கள். அது தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பெரிய மூளைகளும் இங்கே தடுக்கியிருக்கின்றன என்றால் நமக்கென்ன வெட்கம்?

இப்படி நடத்துவது பேராசிரியருடைய சொந்த விருப்பத்தால் மட்டும் வந்ததல்ல. அறிவியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மாணவர்களை வேலை செய்யவைக்கும் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சுமார் 6 சதவீதம் உயர்ந்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. புதிதாக வருபவர்களுக்கு நான் அதைவிட முக்கியமாகக் காட்டுவது 2011இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இயற்பியல் பாடம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனின் குழு செய்தது. ஒரு பிரிவுக்கு நல்ல பெயரெடுத்த மூத்த பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரை ஆற்றினார். இன்னொரு பிரிவுக்கு, நடத்தும் முறையில் பயிற்சி பெற்ற ஒரு போஸ்ட்டாக்கும் ஒரு ஆராய்ச்சி மாணவியும் ஒரு வாரம் பாடம் எடுத்தார்கள். அதே தேர்வில் முதல் பிரிவின் சராசரி 41 சதவீதம், இரண்டாவது பிரிவின் சராசரி 74 சதவீதம். அனுபவம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. புதியவர் கையில் கொடுத்தால் மாணவர்கள் வீணாகிவிடுவார்கள் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

என் முறை வந்தபோது அவர் பின்வரிசையில் உட்கார்ந்தார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் கேள்வி கேட்டதும் அவர் மடியில் வைத்த கையில் ஒவ்வொரு விரலாக நீட்டுவார். மூன்று விரல் நீளும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் கண்டது இது: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். படித்தால் சுலபம். இருநூறு பேர் முன்னால் அமைதியாக நிற்கும்போது மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் முன்வரிசைக்காரர்கள் கை தூக்கிவிடுவார்கள், அவர்கள் எப்போதும் தூக்குபவர்கள். மூன்றாவது விரலுக்குப் பிறகு ஓரத்தில், நுழைவாயில் பக்கம், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பையனின் கை பாதி எழுந்தது. அவன் சொன்ன விடை முழுதும் சரி. இப்படியொரு அடையாளம் காட்ட ஆள் இல்லாமல் இந்தப் பழக்கம் எனக்கு வந்திருக்க எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ.

இருவரும் ஒன்றாக முன்னால் நின்ற வகுப்புகளும் உண்டு. இனம் என்றால் என்ன என்ற பாடத்தை அப்படித்தான் எடுத்தோம். தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து வளமான சந்ததியைத் தரும் கூட்டமே ஓர் இனம் என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் வகுத்த வரையறையிலிருந்து அவர் தொடங்கினார். எங்கள் பேராசிரியர் பறவைகளையும் தவளைகளையும் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு அது போதும். எனக்குப் போதாது. நான் வேலை செய்யும் பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது, தூரத்து உறவிடமிருந்துகூட பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தை வாங்கிக்கொள்கிறது. 2002இல் இ.கோலை பாக்டீரியாவின் மூன்று வகைகளை ஒப்பிட்டபோது, அவற்றின் மொத்தப் புரதங்களில் மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை 40 சதவீதத்துக்கும் குறைவு. பெயர் மட்டும் ஒன்றே! நாங்கள் உண்மையாகவே வாதிட்டோம், ஒத்திகை எதுவும் இல்லை. மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன், "அப்போ தேர்வில் எதை எழுதுவது?" என்றான். இரண்டையும் எழுது, எந்த உயிருக்கு எது பொருந்தும், ஏன் என்று எழுது என்றோம். உயிரியலில் வல்லுநர்கள் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு என்பதை ஒரே ஆசிரியர் நடத்தும் வகுப்பில் சொல்ல முடியும். கண்ணால் காட்டுவதற்கு இருவர் வேண்டும்.

இனி தேர்வு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் நான் அதிகம் கற்றது இங்கேதான். மியாசிஸ் (செல் இரண்டு முறை பிரிந்து இனச்செல்களாகும் முறை) பகுதிக்கு, ஆறு குரோமோசோம் கொண்ட செல்லில் முதல் பிரிவின் மெட்டாஃபேஸ் கட்டத்தில் எத்தனை குரோமேட்டிட் (குரோமோசோமின் நகல் இழை) இருக்கும் என்று ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். விடை பன்னிரண்டு. "இதற்குப் பன்னிரண்டு என்று எழுதுபவருக்கு மியாசிஸ் புரிந்திருக்கிறது என்று எப்படி நம்புவது?" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை மாற்றினோம். அப்பாவுக்கு நிறப்பார்வை சரியாக இருக்கிறது, அம்மா தன் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் நிறக்குருட்டு மரபணுவைத் தாங்குபவர், மகனுக்கு ஒரு எக்ஸ் கூடுதல் (எக்ஸ்எக்ஸ்ஒய்), அதோடு நிறக்குருடும். குரோமோசோம் பிரியாமல் போனது யாரிடம், எந்தப் பிரிவில்? அப்பாவின் எக்ஸ் நல்லது, எனவே அவரிடமிருந்து வந்தது ஒய் மட்டும். இரண்டு எக்ஸும் அம்மாவிடமிருந்து வந்தவை, இரண்டிலும் குறையுள்ள மரபணு. முதல் பிரிவில் தவறியிருந்தால் நல்லதும் குறையுள்ளதுமாக ஒவ்வொன்று வந்திருக்கும். ஆகவே குறுக்கேற்றம் (குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) இல்லை என்று கொண்டால், சகோதர குரோமேட்டிட்டுகள் பிரியவேண்டிய இரண்டாம் பிரிவில்தான் தவறு. மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. குரோமோசோம்களை வரைந்து, நகர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் விடை வரும்.

திருத்துவதற்கு முன் இன்னொரு பழக்கம் வைத்திருந்தோம். ஒரே பத்துப் பதினைந்து விடைத்தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, பிறகு ஒப்பிடுவோம். 'அம்மா' என்று சரியாகச் சொல்லிப் பிரிவைத் தவறாகச் சொன்னவருக்கு நான் தாராளமாகக் கொடுத்தேன், பேராசிரியரோ காரணம் எழுதியிருந்தால் மட்டும் கொடுத்தார். பேசித் தீர்த்து, எதற்கு எவ்வளவு என்று எழுதிவைத்த பிறகே மீதித் தாள்களைத் தொட்டோம். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று வந்து நிற்கும் மாணவருக்கு அந்தத் தாளைக் காட்டிப் பேச முடியும், இருவரும் ஒரே பதிலைச் சொல்ல முடியும். இதோடு சேர்த்து, மாணவர் பதிவுகளின் ரகசியம் காக்க 1974இல் வந்த ஃபெர்பா சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் பெயரும் பதிவெண்ணுமாக மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. இங்கே ஒரு மாணவரின் மதிப்பெண்ணை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குத் தெரியப்படுத்தக் கூடாது. நம் பெற்றோர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். இருவர் நடத்தினால் வேலை பாதியாகும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர் வகுப்பிலும் நான் இருக்க வேண்டும், என் வகுப்பிலும் அவர் இருக்க வேண்டும், பிறகு இருவரும் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு நேரமில்லையென்றால் மற்றதெல்லாம் வீண். போன வாரம் அவர் ஒரு மாதிரி சொன்னார், இந்த வாரம் நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள் என்ற புகார் வரும். என் ஆங்கிலம் வேகமாக இருக்கிறது என்று பருவ நடுவில் வாங்கிய கருத்துத் தாளில் சிலர் எழுதியிருந்தார்கள். கலைச்சொல் ஒவ்வொன்றையும் முதலில் பலகையில் எழுதிவிட்டுப் பிறகு உச்சரிப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்தப் புகார் பிறகு வரவில்லை. கருத்துத் தாளைப் பருவ முடிவில் மட்டும் வாங்கியிருந்தால் இதைச் சரிசெய்யவே வழி இருந்திருக்காது.

ஆகவே யாராவது சேர்ந்து நடத்தலாம் என்று கூப்பிட்டால், சம்மதிக்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பாடப் பதிவேட்டில் என் பெயர் ஆசிரியராக ஏறுமா? பாடத்தை இணையத்தில் நடத்தும் கான்வாஸ் தளத்தில் எனக்கு ஆசிரியர் அனுமதி உண்டா? தேர்வுத் தாளில் என் பங்கு என்ன? நான் நடத்தும்போது நீங்கள் அரங்கில் இருப்பீர்களா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். "நீங்கள் எடுக்கும் வாரங்களில் நான் ஃபீல்டு வேலைக்குப் போய்விடுவேன்" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் அவர்தான். உங்களை வகுப்பில் பார்க்காதவர் என்ன எழுதுவார்? என்னோடு நடத்தியவர் எழுதிய கடிதத்தில் அந்தத் தொப்பிப் பையனின் கை எழுந்தது இருந்தது என்று நேர்காணலில் தேர்வுக்குழுவில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கு ஜனவரியிலேயே பேச ஆரம்பியுங்கள். யார் எந்தப் பாடம் எடுப்பது என்பதைத் துறைகள் வசந்த காலத்துக்குள் முடிவு செய்துவிடுகின்றன. முதலில் உங்கள் பி.ஐ., பிறகு அந்தப் பேராசிரியர், பிறகு துறைத் தலைவர். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அவர்களிடமிருந்து பதில் வரத்தான் நாளாகும்.